மில்டன் வந்த வாரம்: வடக்கா, தெற்கா?

ஹெலீன் புயல் போய்ப் பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. ஃப்ளோரிடாவில், டாம்பாவை ஒட்டிய பினெலஸ் கவுண்டியின் கடலோரத் தெருக்களில் வீட்டுக்கு வீடு வாசலில் ஊறிப்போன மெத்தை, சோபா, ஃப்ரிட்ஜ், சுவரிலிருந்து பெயர்த்த டிரைவால் எல்லாம் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அதை அள்ளி முடிப்பதற்குள், 2024 அக்டோபர் 5 சனிக்கிழமை, மெக்சிகோ வளைகுடாவின் தென்மேற்கு மூலையில் அடுத்தது சுழலத் தொடங்கிவிட்டது. மதியத்துக்கெல்லாம் பெயரும் வைத்தாகிவிட்டது. மில்டன்.

அட்லாண்டிக் புயல்களில் பெரும்புள்ளிகள் பொதுவாக ஆப்பிரிக்கக் கரையோரம் கிளம்பும். ஒரு வாரம், பத்து நாள் கடலில் நடந்து வரும். எங்களைப் போன்ற கிறுக்குகளுக்கு அந்தப் பத்து நாளும் திருவிழா. மில்டன் அந்த அவகாசத்தைக் கொடுக்கவே இல்லை. எங்களுக்கு மேற்கே பிறந்து, கிழக்கே பார்த்து, நேராக ஃப்ளோரிடாவுக்கு வந்தது. மயாமியிலுள்ள தேசியப் புயல் மையம் போட்ட முதல் படத்திலேயே கோடு மேற்குக் கரையில் வந்து முட்டியது. கையில் இருந்தது நான்கு நாள்.

"எங்களைப் போன்ற" என்றேன் அல்லவா? நான் டாம்பாவில் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். வானிலை எனக்குச் சோறு போடுவதில்லை, தூக்கத்தை மட்டும் பறிக்கும். வீட்டுக் கொல்லையில் மழைமானி ஒன்று நட்டு வைத்திருக்கிறேன். கோகோராஸ் என்ற தன்னார்வலர் வலையமைப்புக்காகத் தினமும் காலை ஏழு மணிக்கு அளந்து பதிவேன். என்னோடு இதே நோய் பிடித்தவர்கள் சிலர் உண்டு. செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர், லேக்லாண்டில் ஒரு பள்ளி ஆசிரியை, வெனிஸில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் ஒருவர். புயல் சீசன் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அந்த ஆறு மாதமும் எங்கள் வீட்டுக்காரர்கள் எங்களைத் தண்ணி தெளித்து விட்டுவிடுவார்கள்.

நேரக் கணக்கு எங்களுக்கு மனப்பாடம். இரவு 11 மணிக்குப் புயல் மையத்தின் அறிவிப்பு. 11.30 வாக்கில் புயலின் போக்கைக் கணினியில் கணிக்கும் அமெரிக்க ஜிஎஃப்எஸ் மாடலின் படங்கள் ஒவ்வொன்றாக இறங்கும். இரண்டு மணிக்கு யூரோ, அதாவது ஐரோப்பிய மாடல். விடிகாலை 5 மணிக்கு மறுபடி மையத்தின் அறிவிப்பு, உடனே ஜிஎஃப்எஸ்ஸின் அடுத்த ரன், அதாவது அடுத்த கணக்கீடு. இதற்கு நடுவில் தூங்குபவர்கள் தூங்கிக்கொள்ளலாம். படம் பார்க்க லெவி கோவன் நடத்தும் டிராபிகல் டிட்பிட்ஸ் தளம். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் பார்க்க ஓல்ட்ஸ்மார்காரர் மைக்கின் தளம். ஓல்ட்ஸ்மார் எங்களுக்குப் பக்கத்து ஊர் என்பதால் அவர்மேல் கொஞ்சம் உள்ளூர்ப் பாசமும் உண்டு.

ஸ்பகெட்டி என்று ஒரு படம் உண்டு. பல மாடல்களின் பாதைகளை ஒரே வரைபடத்தில் போட்டால் நூடுல்ஸ் கொட்டினமாதிரி இருக்கும், அதுதான். யூரோ மட்டுமே தொடக்க நிலையைத் துளித்துளி மாற்றி 51 தடவை ஓட்டிப் பார்க்கும். கோடுகள் நெருங்கி ஒரு கற்றையாகப் போனால் பாதையை ஓரளவு நம்பலாம். விசிறியாக விரிந்தால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் ஜனங்கள் பார்ப்பது அப்படியல்ல. அம்பது கோடு எங்கே போனாலும் தன் வீட்டுக் கூரைமேல் ஏறும் ஒரு கோட்டை மட்டும் பார்ப்பார்கள். இல்லையென்றால் தன் ஊரைவிட்டு விலகும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகிவிடுவார்கள். இரண்டாவது வகை ஆபத்து.

திங்கட்கிழமையைச் சொல்ல வேண்டும். விடிகாலையில் மில்டன் 2ஆம் வகை. நண்பகலுக்கு 5ஆம் வகை, காற்றின் வேகத்தை வைத்துப் பிரிப்பதில் அதற்கு மேல் வகையே இல்லை. கடையில் அன்று நிற்க இடமில்லை. அவசரநிலை அறிவித்துவிட்டால் ஃப்ளோரிடாவில் தேதி வராவிட்டாலும் முப்பது நாள் மருந்தை முன்கூட்டியே நிரப்பிக்கொள்ளலாம். அதனால் இன்சுலினுக்கும் ரத்த அழுத்த மாத்திரைக்கும் ஒரே வரிசை. நான் ஒரு கையால் லேபிள் ஒட்டிக்கொண்டே மறுகையால் போனில் வேவு விமானத் தரவைப் பார்த்தபடி இருந்தேன். மிசிசிப்பியின் பிலக்சியிலிருந்து கிளம்பும் விமானப்படை விமானம் புயலின் கண்ணுக்குள் நுழைந்து, டிராப்சோண்ட் என்ற குழாயை பாராசூட்டில் போடும். அது கடலில் விழும்வரை காற்றையும் அழுத்தத்தையும் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவை கண்ணுக்குள் போனபோதும் அழுத்தம் படியிறங்கிக்கொண்டே போனது, அதாவது புயல் வலுத்துக்கொண்டே போனது. வளைகுடாவின் தண்ணீர் 30 டிகிரிக்கு மேல். கண்ணின் விட்டம் சுமார் 4 மைல். செயற்கைக்கோள் படத்தில் குண்டூசியால் குத்திய ஓட்டை. இரவு 8 மணி அறிவிப்பில் 897 மில்லிபார், காற்று மணிக்கு 180 மைல்.

அழுத்தம் இறங்க இறங்க உள்ளுக்குள் ஒரு கிளர்ச்சி வருவது உண்மை. வராது என்று சொல்லும் வானிலைக் கிறுக்கு பொய் சொல்கிறார். கொத்துக் கொத்தாக எண்கள் வரும்போது அது கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிறமாதிரி ஆகிவிடும். அந்தப் போதை அன்று எங்களுக்குத் தெளிந்த இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மயாமி தொலைக்காட்சியில் ஜான் மொராலஸ், பல ஆண்டுகளாகப் புயல் சொல்லிவரும் மனிதர், பத்து மணி நேரத்தில் 50 மில்லிபார் இறங்கியிருக்கிறது என்று சொல்ல வந்து, குரல் உடைந்து, நேயர்களிடம் மன்னிப்புக் கேட்டார். எண்ணைப் பார்த்து அழுத மனிதரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எங்கள் டாம்பா சேனலில் டெனிஸ் ஃபிலிப்ஸ் என்ற வானிலையாளர் இருக்கிறார், சஸ்பெண்டர் போட்டவர். "நான் சொல்கிறவரை பதறாதீர்கள்" என்பது அவருடைய ஏழாவது விதி, ஊரே மனப்பாடமாகச் சொல்லும். அந்த வாரம் அந்த விதியைச் சொல்லி யாரும் சிரிக்கவில்லை.

(வரிசையில் நின்ற ஒருவர் இந்தப் புயலை அரசாங்கமே தயாரித்து அனுப்புகிறது என்று எனக்கு விளக்கினார். 897 மில்லிபாரைத் தயாரிக்கத் தெரிந்த அரசாங்கம் ஹெலீன் குப்பையை அள்ளியிருக்காதா என்று கேட்க நினைத்தேன். வேலை நேரம், சும்மா இருந்துவிட்டேன்.)

செவ்வாய்க்கிழமை முழுக்க எங்களுக்குள் ஓடியது ஒரே கேள்விதான். வேகமா, வகையா என்பதெல்லாம் பின்னுக்குப் போய்விட்டது. டாம்பா விரிகுடாவின் முகத்துவாரத்துக்கு வடக்கே கரையைக் கடக்குமா, தெற்கே கடக்குமா?

ஏன் இது உயிர்ப் பிரச்சினை என்றால், வட அரைக்கோளத்தில் புயல் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும். எங்கள் கரை மேற்கைப் பார்த்த கரை. கண்ணுக்குத் தெற்கே இருப்பவர்களுக்குக் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், தண்ணீரை ஊருக்குள் தள்ளும். வடக்கே இருப்பவர்களுக்குக் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும், தண்ணீர் உள்வாங்கும். டாம்பா விரிகுடா ஆழமில்லாத தட்டு. அதற்கு வெளியே வளைகுடாவின் அடித்தளமும் வெகுதூரம் மேடுதான். அதனால் தள்ளும் தண்ணீருக்கு மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. பெரும்புயல் ஒன்று இங்கே நேராக வந்தது கடைசியாக 1921 அக்டோபர் 25 அன்று, டார்பன் ஸ்பிரிங்ஸ் பக்கம். அப்போது பத்தடிக்கு மேல் கடல் ஏறியது. ஊர் அன்றைக்குச் சின்னது. இன்றைக்கு சுற்றுவட்டாரத்தில் முப்பது லட்சம் பேர்.

புயல் மையம் எங்கள் விரிகுடாவுக்குச் சொன்ன அளவு 10 முதல் 15 அடி. மாடியில்லாத வீட்டுக்கு அது கூரை. டாம்பா மேயர் ஜேன் காஸ்டர் டிவியில் வந்து, வெளியேறச் சொன்ன மண்டலத்தில் தங்கினால் சாவீர்கள் என்று சுற்றி வளைக்காமல் சொன்னார். ஐ-4, ஐ-75 நெடுஞ்சாலைகளில் வண்டிகள் ஊர்ந்தன. பெட்ரோல் பங்குகளில் சரக்குத் தீர்ந்து குழாய்க்கு உறை மாட்டிவிட்டார்கள்.

என் மாமியார் அப்போது எங்களோடு இருந்தார். திருத்துறைப்பூண்டிக்காரர். 2018இல் கஜா அவருடைய தென்னந்தோப்பைப் படுக்க வைத்ததை நேரில் பார்த்தவர். நான் சமையல் மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு யூரோவுக்காகக் காத்திருக்கையில் வந்து நின்றார்.

"ஏம்மா, கரையைக் கடக்குறது நமக்கு வடக்கயா, தெக்கயா?"

"அதுதான் அத்தை யாருக்கும் தெரியலை."

"தெக்க போனா நல்லதில்லையே. நம்ம ஊர்ல கண்ணுக்கு வடக்க இருக்கவனுக்குத்தான் கடல் ஏறும்."

"இங்க தலைகீழ் அத்தை. நம்ம கடல் கிழக்க, புயல் மேற்க பார்த்து வரும். இங்க கடல் மேற்க, புயல் கிழக்க பார்த்து வருது. நம்ம தெற்குக்கு இங்க வடக்குன்னு வச்சுக்குங்க."

அவர் கையை ஒரு பக்கம் சுற்றிப் பார்த்தார், மறுபக்கம் திரும்பி நின்று மறுபடி சுற்றிப் பார்த்தார். "அப்ப தெக்கவே போவட்டும்" என்று சொல்லிவிட்டுத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார். பட்டம் படித்த என் சக ஊழியர்கள் பலருக்கு இதைப் புரியவைக்க எனக்குப் படம் வரைய வேண்டியிருந்தது.

புயல் மையத்தின் படங்களில் தெரியும் கூம்பைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன், அதைத் தப்பாகப் படிக்காத ஆளே இல்லை. கூம்பு புயலின் அகலமல்ல. கண் எங்கே இருக்கலாம் என்பதற்கான வரம்பு. கடந்த ஐந்து ஆண்டுகளில் மையத்தின் கணிப்பு எவ்வளவு பிசகியதோ அதை வைத்து வரைவது. மூன்றில் இரண்டு தடவை கண் அதற்குள் இருக்கும். மூன்றில் ஒரு தடவை இருக்காது. ஒரு நாள் முன்கூட்டிச் சொல்லும்போது அந்த வரம்பு இரு பக்கமும் ஏறக்குறைய 40 கடல் மைல். முகத்துவாரத்துக்கு வடக்கே பத்து மைலில் கடந்தால் நாசம். தெற்கே பத்து மைலில் கடந்தால் கடல் உள்வாங்கும். உலகத்திலேயே நன்றாகக் கணிக்கிற மையத்துக்குக்கூட அந்த இருபது மைலை முந்தைய நாள் பிரித்துச் சொல்ல முடியாது. மையத்தின் ஒவ்வொரு குறிப்பிலும் கோட்டை மட்டும் பார்க்காதீர்கள் என்ற பொருளில் ஒரு வரி இருந்துகொண்டே இருந்தது. நாங்கள் கோட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு ரன் சற்று வடக்கே ஏறும், எலக்ட்ரீஷியன் கவலையில் பெருமூச்சு விடுவார். அடுத்த ரன் தெற்கே இறங்கும், வெனிஸ்காரர் "என் பக்கம் தள்ளிவிடாதீர்கள்" என்பார். பாதை விலகினால் எங்களுக்கு நிம்மதி, ஆனால் விலகுகிற இடத்தில் அவர் வீடு இருந்தது. செவ்வாய் மாலை அவர் கடையைப் பூட்டிவிட்டு உள்நாட்டுக்கு, தன் மகளிடம் போய்விட்டார்.

அன்றிரவு ஒன்று நடந்தது. லேக்லாண்ட் விமான நிலையத்தில்தான் அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவின் புயல் விமானங்கள் நிற்கும். கெர்மிட், மிஸ் பிக்கி என்று பொம்மைகளின் பெயர் வைத்த பி-3 ஒரையன்கள். எங்கள் ஆசிரியைக்கு அவை தலைக்கு மேலே ஏறும் சத்தம் கேட்டாலே தெரியும். அந்த விமானம் கண்ணுக்குள் போய்வந்து அனுப்பும் செய்தி தந்தி மாதிரி இருக்கும். அட்சரேகை, தீர்க்கரேகை, அழுத்தம், கண்ணின் வடிவம், சுருக்கெழுத்தாக. அதை வரி வரியாகப் படிப்பது எங்கள் வழக்கம். அன்றைய செய்தியின் கடைசியில், வழக்கமாகக் குறிப்பு வரும் இடத்தில், ஒரு பெயர் இருந்தது. பீட்டர் டாட்ஜ், புயல் விஞ்ஞானி, 1950-2023, 387ஆவது பென்னி. கண்ணுக்குள் ஒரு தடவை ஊடுருவிப் போவதை அவர்கள் பென்னி என்பார்கள். டாட்ஜ் தன் வாழ்நாளில் 386 தடவை புயல் கண்ணுக்குள் போய் ரேடார் பார்த்தவர். முந்தைய ஆண்டு இறந்துபோனார். அவருடைய சாம்பலை மில்டனின் கண்ணுக்குள் விட்டுவிட்டு, அதை 387 என்று கணக்கில் சேர்த்திருந்தார்கள். எலக்ட்ரீஷியன் அதைப் படித்துவிட்டு, "நல்ல இடம்" என்று மட்டும் அனுப்பினார்.

புதன்கிழமை மேலடுக்குக் காற்று மில்டனைச் சாய்க்கத் தொடங்கியது. விண்ட் ஷியர், அதாவது உயரத்துக்கு உயரம் மாறி அடிக்கும் காற்று, ஒரு புயலை ஒடுக்கும் என்பது பாதி உண்மை. கண்ணை அது நசுக்கும்தான், ஆனால் காற்றையும் மழையையும் பரப்பிவிடும். மில்டன் தன் மழையையெல்லாம் வடக்குப் பக்கம், அதாவது எங்கள் பக்கம், ஒதுக்கிக்கொண்டே வந்தது. ஆனால் முதல் சாவுகள் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த திசையிலேயே இல்லை. மாநிலத்தின் கிழக்குக் கரையில், கண்ணிலிருந்து நூறு மைலுக்கும் அப்பால், பிற்பகலிலேயே டொர்னேடோக்கள், தரையைத் தொடும் சுழல்காற்றுகள், இறங்கின. செயின்ட் லூசி கவுண்டியில் முதியோர் அதிகம் வாழும் ஸ்பானிஷ் லேக்ஸ் குடியிருப்பில் ஆறு பேர் போனார்கள். அன்று ஒரே நாளில் ஃப்ளோரிடாவில் 126 டொர்னேடோ எச்சரிக்கை. நாங்கள் கோட்டுக்கு வடக்கா தெற்கா என்று அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், கூம்பின் ஓரத்தில் கிடந்தவர்களுக்கு வந்த சாவு அது.

இரவு 8.30 மணிக்கு மில்டன் சரசோட்டாவை ஒட்டிய சியஸ்டா கீயில் கரையைக் கடந்தது. 3ஆம் வகை, அன்றைய அறிவிப்பின்படி மணிக்கு 120 மைல். முகத்துவாரத்திலிருந்து சுமார் 25 மைல் தெற்கே. டாம்பாவில் கடல் சுமார் ஐந்தடி உள்வாங்கியது. 2017இல் இர்மா புயல் வந்தபோதும் இப்படி உள்வாங்கியதும் ஜனங்கள் வெறும் சேற்றில் இறங்கி நடந்து செல்ஃபி எடுத்தார்கள். இந்தத் தடவை இறங்காதீர்கள் என்று அதிகாரிகள் முன்கூட்டியே கத்திவிட்டார்கள்.

கடல்தான் போனது, வானம் வந்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் ஒரே மணி நேரத்தில் 5 அங்குலத்துக்கு மேல், மொத்தம் 18 அங்குலத்துக்கு மேல். டிராபிகானா ஃபீல்டு பேஸ்பால் மைதானத்தின் துணிக்கூரை நார் நாராகக் கிழிந்தது. நகர மையத்தில் ஒரு கட்டுமான கிரேன் முறிந்து எதிரே இருந்த அலுவலகக் கட்டடத்தின்மேல் விழுந்தது. எங்களுக்கு ஒன்பதரைக்கு மின்சாரம் போனது. காற்று ஒரே சீராக அடிக்கவில்லை. கொஞ்சம் அடங்கி, யாரோ தோளால் இடிக்கிறமாதிரி வீட்டின் வடகிழக்கு மூலையில் வந்து மோதும். வடகிழக்கு மூலை என்றதும் எனக்கு உயிர் வந்தது. காற்று தரையிலிருந்து வருகிறது, கடலிலிருந்து இல்லை. அத்தையிடம் சொன்னேன். "அப்ப தெக்கவே போயிடுச்சு" என்று திரும்பிப் படுத்தார்.

காலையில் மழைமானியைப் பார்க்கப் போனேன். அந்தக் குழாயின் மொத்தக் கொள்ளளவு 11 அங்குலம். உள்குழாய் நிரம்பி, வெளிக்குழாய் நிரம்பி, விளிம்பில் ஓர் ஓக் இலை ஒட்டியிருக்க, தண்ணீர் தட்டையாக நின்றது. எவ்வளவு வழிந்து போனது என்று கணக்கே இல்லை. பதிவில் 11.00 என்று போட்டு, குறிப்பில் "நிரம்பி வழிந்தது, இதற்கும் மேல்" என்று எழுதினேன்.

வெனிஸ்காரரின் பட்டறைக்குள் கடல் இடுப்பளவு வந்து போயிருந்தது. அவர் அனுப்பிய படத்தில் அவுட்போர்டு எஞ்சின் ஒன்று தலைகீழாக, ப்ரொப்பெல்லரில் கடற்பாசி சுற்றியபடி, அலமாரியின் மேல்தட்டில் உட்கார்ந்திருக்கிறது. யார் தூக்கி வைத்தார்கள் என்று கேட்டால், வளைகுடா என்கிறார்.

இப்போது டாம்பாவில் எங்கே போனாலும் "மிஸ் ஆகிவிட்டது", "சும்மா பயமுறுத்தினார்கள்" என்பதுதான் பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நாலு நாள் முன்னால் போட்ட முதல் கோடு, கடைசியில் கடந்த இடத்துக்கு மிகப் பக்கத்தில் இருந்தது. இதைவிட நல்ல கணிப்பை நான் பார்த்ததில்லை. தவிர, ஹெலீன் எங்களுக்கு நூறு மைலுக்கு மேல் தள்ளிக் கடலோடு கடலாகப் போன புயல். அது ஆறடிக்கு மேல் கடலைக் கொண்டுவந்து பினெலஸில் பன்னிரண்டு பேரைக் கொன்றது. மில்டன் எங்கள் காலடியில் வந்து கடலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனது. புயல் எவ்வளவு கிட்டே வந்தது என்று கேட்பவர்களிடம், எந்தப் பக்கமாகப் போனது என்று கேளுங்கள் என்கிறேன்.

எதிர்வீட்டுக்காரரிடமும் இதைத்தான் போன வாரம் சொன்னேன். அவர் ஆர்லாண்டோவுக்கு ஆறு மணி நேரம் ஊர்ந்து போய், ஹோட்டலில் மூன்று இரவு தங்கி வந்தவர். அடுத்த தடவை ஓர் அடி நகரமாட்டேன் என்றார். இங்கே பழமொழியாகவே சொல்வார்கள், தண்ணீருக்கு ஓடு, காற்றுக்கு ஒளிந்துகொள். எங்கள் ஹில்ஸ்பரோ கவுண்டியில் ஏ, பி மண்டலங்களைத்தான் காலிசெய்யச் சொன்னார்கள். எங்கள் தெரு இரண்டிலும் இல்லை. ஜன்னலுக்குப் பலகை அடித்துவிட்டு வீட்டிலேயே இருந்திருக்கலாம், உங்களைப் போகச் சொன்னதே யார் என்று கேட்டேன். போனில் மண்டல வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், தன் வீட்டைத் தேடி, மறுபடி பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, ஹோட்டல் பில்லை யாரிடம் வாங்குவது என்று என்னைக் கேட்டார்.